அமில நிலங்களும் சுண்ணாம்புச் சீர்திருத்தமும்

சீர்கெட்ட நிலம் என்றவுடன் தமிழ்நாட்டு உழவருக்கு நினைவில் வருவது களரும் உவருமே ஆகும். அத்தகைய நிலங்கள் இந்தியாவில் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் உள்ளன. அவற்றைத் திருத்துவதற்கென 1969-ஆம் ஆண்டிலேயே கர்னாலில் மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஜிப்சம் இட்டுக் களரைத் திருத்தும் முறை பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் பெரும் இயக்கமாகவே நடைபெற்றது. ஆனால், இதற்கு நேர்மாறான தன்மை கொண்ட அமில நிலங்களின் பரப்பு சுமார் 4 கோடியே 90 லட்சம் ஹெக்டேர் என்பதைப் பலர் அறியார். இதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பு, பி.எச். எண் 5.5-க்கும் கீழே உள்ள கடும் அமில நிலமாகும். அஸ்ஸாம் முதலான வடகிழக்கு மாநிலங்கள், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்தின் மேற்குப் பகுதி, சத்தீஸ்கர், கேரளம் ஆகியவற்றில் இவை பெரிதும் பரவியுள்ளன.

களர் நிலம் தன் குறையைத் தானே காட்டிவிடும். வெண்மையாகப் பூத்து, பயிரின்றிக் கிடக்கும். அமில நிலம் அவ்வாறன்று. அது பசுமையாகவே தோன்றும். விளைச்சலும் ஓரளவு தரும். குறைந்த விளைச்சலுக்கு உழவர் மழையைப் பழிப்பார். அதிகாரி உழவரைப் பழிப்பார். நோய் மண்ணில் இருப்பது இருவர் கண்ணிலும் படுவதில்லை.

அமிலம் எவ்வாறு தோன்றுகிறது?

வெப்ப மண்டலத்தின் கனமழை, மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய காரச் சத்துகளைக் கரைத்து நெடுங்காலமாக அடித்துச் சென்றுவிடுகிறது. எஞ்சியிருப்பவை இரும்பும் அலுமினியமும். பி.எச். எண் 5.5-க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து மண்நீரில் கலக்கிறது. இதுவே பயிருக்கு உண்மையான நஞ்சு. வேரின் நுனி தடித்துக் குட்டையாகிவிடுகிறது. வேர் ஆழச் செல்வதில்லை. சோட்டா நாகபுரி பீடபூமியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும், பத்து நாள் மழை பொய்த்தால் மேட்டுநிலப் பயிர் வாடிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கீழ்மண்ணில் ஈரம் இருக்கிறது. அதை எட்டும் வேர்தான் இல்லை.

இத்துடன் இடர் முடிவதில்லை. இடப்படும் சூப்பர் பாஸ்பேட்டின் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பற்றிக்கொள்கின்றன. மாலிப்டினம் கிடைப்பது அருகி, பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் குன்றுகின்றன. அதாவது, உரத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி மண்ணிலேயே முடங்கிவிடுகிறது.

மழை தொடங்கி வைத்த வேலையை உரம் விரைவுபடுத்துகிறது என்பதும் கருதத்தக்கது. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கச் சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ. ராஞ்சியை அடுத்த காங்கேயில் 1956 முதல் நடந்துவரும் நிலையான உரச் சோதனை இதற்குச் சான்றாகும். அங்கு அமோனியம் சல்பேட் மட்டும் ஆண்டுதோறும் இடப்பட்ட பாத்திகளில் விளைச்சல் படிப்படியாகக் குன்றி, அநேகமாக இல்லாமலே போயிற்று. தழை, மணி, சாம்பல் சத்துகளுடன் சுண்ணாம்பும் பெற்ற பாத்திகளில் விளைச்சல் நிலைத்து நின்றது. பயிற்சிக்கு வரும் விரிவாக்க அலுவலர்களுக்கு நூறு சொற்பொழிவுகளைக் காட்டிலும் இவ்விரு பாத்திகளை அருகருகே காட்டுவது பயன் தரும்.

எவ்வளவு இடுவது?

முற்காலத்தில் மண்ணை நடுநிலைக்கு, அதாவது பி.எச். 7-க்கு அருகில் கொண்டுவருவதே நோக்கமாகக் கருதப்பட்டது. அதற்கு ஹெக்டேருக்குப் பல டன் சுண்ணாம்பு வேண்டும். அமெரிக்க மண்ணியல் அறிஞர் காம்ப்ரத் 1970-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. அலுமினியத்தை அடக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு போதும். நடுநிலை தேவையில்லை என்பது அதன் சாரம். அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகமும் போரானும் பயிருக்குக் கிட்டாமல் போகும்.

இதற்கு மேலும் ஒரு படி சென்றது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் அமில நில ஆய்வுத் திட்டம். நிலம் முழுவதும் இறைப்பதை விடுத்து, விதைக்கும் சாலில் மட்டும் ஹெக்டேருக்கு 2 முதல் 4 குவிண்டால் வரை, ஒவ்வொரு பருவத்திலும் உரத்துடன் இடுவது என்பதே அதன் பரிந்துரை. இது சிக்கன முறை என்பது மட்டுமன்று, பொருளாதார நோக்கில் இதன் சிறப்பு வேறு. ஹெக்டேருக்கு இரண்டரை டன் வீதம் இறைத்தால் பத்து டன் ஏற்றிய லாரி நான்கு ஹெக்டேருக்கே போதும்; மூன்று குவிண்டால் வீதம் சாலில் இட்டால் அதே லாரி முப்பத்து மூன்று ஹெக்டேருக்கு உதவும். சுண்ணாம்பு மலிவான பண்டம். வண்டிச் சத்தமே அதன் விலை. மேலும், மொத்தமாக இடும் சுண்ணாம்பின் பயன் நான்கைந்து பருவங்களுக்கு நீடிக்கும். அடுத்த ஆண்டு அந்நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாத வாரக் குடியானவர் அச்செலவை ஏன் மேற்கொள்வார்? சாலில் இடும் சிறு அளவின் பலனோ அப்பருவத்திலேயே அவர் கைக்கு வந்துவிடுகிறது.

எல்லா நிலத்திற்கும் சுண்ணாம்பு வேண்டும் என்று கொள்ளலாகாது. ஜார்க்கண்ட் உழவர் தம் நிலத்தை ‘டாண்ட்’ என்ற மேட்டு நிலமாகவும், ‘தோன்’ என்ற தாழ்நில வயலாகவும் பிரித்தறிவர். தோனில் நீர் தேங்கும்போது மண்ணின் அமிலம் தானாகவே தணிவதால் நெல்லுக்குப் பெரும்பாலும் கேடில்லை. டாண்ட் நிலத்தில் மக்காச்சோளம், துவரை, நிலக்கடலை, சோயா மொச்சை பயிரிடுவோருக்கே முதலுரிமை தரவேண்டும். தேயிலைக்கோ அமில மண்ணே உகந்தது. கேரளத்தின் குட்டநாடு இவற்றுக்கெல்லாம் விலக்கு. அங்குள்ள கரி நிலங்களில் புதைந்துள்ள கந்தகத் தாது, நீர் வடிந்து காற்றுப் படும்போது கந்தக அமிலமாக மாறுகிறது. ஆகவே கேரளத்தில் நெல்லுக்கே ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு, அடியுரமாக 350 கிலோவும் ஒரு மாதம் கழித்து 250 கிலோவும், பரிந்துரைக்கப்படுகிறது.

பொருள்கள் எங்கே?

சுண்ணாம்புக்கல், டாலமைட் ஆகியவற்றுடன் எஃகு ஆலைக் கசடும் இதற்குப் பயன்படும். அதில் கால்சியத்தோடு சிறிது மணிச்சத்தும் உண்டு. ரூர்கேலா, பொகாரோ, ஜாம்ஷெட்பூர், துர்காபூர் ஆலைகள் அமில நிலங்களின் நடுவிலேயே அமைந்திருப்பது நற்பேறு. எனினும், கசடை மாவாக அரைத்தால்தான் பயனுண்டு. கட்டியாக இட்டது கல்லாகவே கிடக்கும். கன உலோகங்கள் உள்ளனவா என்ற சோதனையும் இன்றியமையாதது. புருலியாவில் கிடைக்கும் பாறைப் பாஸ்பேட்டைப் பொடித்து நேரடியாகவே இடலாம். மண்ணின் அமிலமே அதைக் கரைத்துவிடும். கீழ்மண்ணின் அலுமினிய நஞ்சைக் குறைக்க ஜிப்சம் உதவும். ஆனால் அது பி.எச். எண்ணை உயர்த்தாது.

2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச். எண்ணும் அளந்து தரப்படுகிறது. குறை அளவீட்டில் இல்லை, விலைக் கொள்கையில் உள்ளது. 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அம்மூட்டை விட்டுச்செல்லும் அமிலத்தை முறிக்கத் தேவையான சுமார் 36 கிலோ சுண்ணாம்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அமிலம் மிகுந்த மாவட்டங்களிலாவது சுண்ணாம்பின் வண்டிச் சத்தத்தை அரசு ஏற்பது, உர மானியத்தின் பயனைக் காக்கும் செலவேயன்றிப் புதிய சலுகையாகாது.

அவ்வாறு ஏற்பினும், சரக்கு வந்துசேரும் நாளைப் பொறுத்தே பயன் அமையும். பீடபூமியில் ஜூன் நடுவில் மழை தொடங்குகிறது. மேட்டு நில விதைப்பு அதையொட்டியே நடக்கிறது. மே இறுதிக்குள் கிராமச் சங்கத்தின் கிடங்கில் இல்லாத சுண்ணாம்பு, அவ்வாண்டுப் பயிருக்கு இல்லாததே ஆகும்.