சாலைக் கரையில் எலி வளைகள்

காவிரிப் பாசன நன்செய்களில் கிராமச் சாலைகள் பெரும்பாலும் வாய்க்காற் கரையின் மீதோ, வயல் மட்டத்திற்கு மேல் மண் கொட்டி உயர்த்திய மேட்டின் மீதோ செல்கின்றன. வயலில் நீர் கட்டியவுடன் வரப்பெலிகளுக்குக் கிடைக்கும் உலர்ந்த மேடு இச்சாலைக் கரையேயாகும். அறுவடைக்குப் பின்னரும் அவை இங்கு வந்து குடியேறுகின்றன.

இவற்றுள் அதிகச் சேதம் விளைப்பது அகழான். இது கதிர்களை வளைக்குள் சேமிக்கும் வழக்கமுடையதாதலின், உறைவதற்கு ஓர் அறையும் தானியத்திற்கு வேறு அறைகளுமாகப் பல கிளைகள் தோண்டும். உட்புகுந்தபின் வாயைப் புதுமண்ணால் அடைத்துக்கொள்வதால், கரையிற் காணும் சிறு மண்குவியலைப் பலர் பொருட்படுத்துவதில்லை.

தார் இட்ட மேற்பரப்பு கடினமாயிருத்தலால், அடிமண் போனபின்பும் சிலகாலம் ஓடுபோலத் தாங்கி நிற்கும். ஐப்பசி மழையில் நீர் வளை வழியே புகுந்து மண்ணை அரித்துச் செல்லும். நண்டு வளைகளும் உடன் சேர்ந்தால் வாய்க்கால் நீரே ஒருபுறம் நுழைந்து மறுபுறம் கசியும். பின்னர் நெல்மூட்டை ஏற்றிய லாரியொன்று ஓரமாக ஒதுங்கும்போது சாலை உள்வாங்கிவிடுகிறது. அவ்விடத்தை ஜல்லியும் தாரும் இட்டு மூடுவதால் பிரயோஜனமில்லை. குறை மேலே இல்லை, அடியில் உள்ளது.

வளைவாயில் கல்லையோ வைக்கோற் பிரியையோ செருகுவதும் அத்தகைய வீண்வேலையே. முதலில் மாலையில் எல்லா வாய்களையும் மண்ணால் மூடி, மறுநாட்காலை திறந்திருப்பவற்றைக் குறித்துக்கொள்க. அங்கே தஞ்சாவூர்க் கிட்டி எனப்படும் மூங்கிற் பொறியை வைத்து எலிகளைப் பிடித்தல் நலம். ஆடுமாடுகளும் குழந்தைகளும் நடமாடும் வழியில் நஞ்சிடுவது உசிதமன்று. எலிகள் ஒழிந்தபின் வளையை முடிவுவரை வெட்டித் திறக்க வேண்டும். பாம்பு இருக்கக்கூடுமாதலால் கையை நுழைத்தலாகாது. ஈரப்பதமுள்ள மண்ணை அரையடி கனமாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் திமிசு போட்டு இறுக்குக. வளை தாரின் அடியிற் சென்றிருப்பின் தாமே சாலையை வெட்டாமல், அதைப் பராமரிக்கும் ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உடனே தெரிவித்தல் வேண்டும். இவ்வேலை புரட்டாசிக்குள் முடிந்தாலொழிய மழைக்கு முன் மண் இறுகாது.

நிலச் சொந்தக்காரர்க்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சாலைச் சரிவில் வைக்கோற்போர் போடுவதும், வயலை விரிக்கும் பொருட்டு ஓரமண்ணை ஆண்டுதோறும் ஒரு மண்வெட்டி அளவு செதுக்குவதும் பல ஊர்களிற் காணப்படுகின்றன. போர் எலிக்கு உறைவிடமாகிறது; செதுக்கிய செங்குத்துக் கரையிலோ வளை வெகு விரைவில் தாரின் அடியை எட்டிவிடுகிறது. போரைக் களத்திற்கு மாற்றி, செதுக்கிய இடத்தில் மண் அணைத்துச் சரிவைப் பழையபடி சாய்வாக்கி, அறுகம்புல் பதிக்கவும். புல் உயர்ந்து வளைவாய்களை மறைக்காதபடி அவ்வப்போது அறுத்துவர வேண்டும்.