இரைப்பைக்குச் செய்தி சொல்வது யார்?

உணவு உண்ணும்போது எமது இரைப்பையின் சுவரிலுள்ள சுரப்பிகள் ஐதரோக்குளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. புரதம் சமிபாடடையவும் கிருமிகள் அழியவும் இவ்வமிலம் வேண்டும். அளவின்றிச் சுரந்தாலோ இரைப்பையின் சுவரையே அது புண்ணாக்கிவிடும். எப்பொழுது சுரக்கவேண்டும், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்று அதற்குக் கூறுவது யார்?

நரம்புகளே என்பது ஒரு காலத்தில் அறிஞர் பலரின் முடிவாயிருந்தது. 1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்ரார்லிங் என்னும் இருவர், மயக்கமூட்டிய நாயொன்றின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை இட்டனர். நரம்பின்றியே சதையி சுரந்தது! செய்தியைக் கொண்டு சென்றது குருதியே. அச்செய்திப் பொருளுக்குச் 'செக்கிரீற்றின்' எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்களை 1905 இல் ஸ்ரார்லிங் 'ஓமோன்' என அழைத்தார். பிள்ளைகளே, இங்குள்ள பாடசாலையில் வேறு மொழியில் நீங்கள் படிக்கும் சொல்லும் இதுவே.

அதே 1905 இல் எட்கின்ஸ் என்பவர், இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சவ்விலிருந்து பெற்ற சாற்றைப் பூனையின் நாளத்துள் செலுத்தினார், அமிலம் சுரந்தது. அதிலுள்ள பொருளைக் 'கஸ்ரின்' என்றார். ஆயினும் அவரைப் பலர் நம்பவில்லை. ஹிஸ்ரமின் என்னும் வேறொரு பொருளும் அமிலத்தைச் சுரக்கச் செய்வதும், அது உடலின் பல இழையங்களில் இருப்பதும் பின்னர் தெரியவரவே, எட்கின்ஸ் கண்டது அதனையே என ஒதுக்கினர். அவர் 1940 இல் மறைந்தார். 1964 இல் லிவர்பூலில் கிரெகரி, ட்ரேசி ஆகிய இருவரும் பன்றியின் இரைப்பையிலிருந்து கஸ்ரினைத் தூயதாகப் பிரித்தெடுத்து, அது 17 அமினோவமிலங்கள் கோத்த பெப்ரைட்டு என நிறுவினர். கஸ்ரின் தன் பணியைப் பெரிதும் அந்த ஹிஸ்ரமினைக் கொண்டே செய்விக்கின்றது என்று இன்று அறிகின்றோம். எட்கின்ஸ் இதனைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்.

கஸ்ரின் சுரப்பது இரைப்பையின் கீழ்ப்பகுதியில். அமிலம் சுரப்பது மேற்பகுதியில். எனினும் கஸ்ரின் குருதியிற் கலந்து, இதயம்வரை சென்றே அங்கு மீள்கின்றது. அடுத்த வீட்டுக்குரிய கடிதம் தலைமைத் தபாலகம் சென்று வருவது போன்றது இது!

நிறுத்துவது எங்ஙனம்? அமிலம் மிகுந்ததும், அம்மிகுதியே சோமற்றோஸ்ரற்றின் என்னும் மற்றொரு பெப்ரைட்டைச் சுரக்கச் செய்கின்றது. இது தொலைதூரம் செல்வதில்லை. அருகிலுள்ள கலங்களைத் தொட்டே கஸ்ரினை அடக்கிவிடும். அமிலம் கலந்த உணவு சிறுகுடலை அடைந்ததும் செக்கிரீற்றினும் இத்தடைக்குத் துணை நிற்கும்.

எல்லா விலங்கிலும் சுரப்பு ஒரே அளவினதன்று. எமது இரைப்பை வெறுமையாயிருக்கும்போதும் சிறிது அமிலம் சுரக்கும். பசித்திருக்கும் மலைப்பாம்பின் இரைப்பையிலோ அமிலம் இல்லையென்றே சொல்லலாம். இரையை விழுங்கிய பின்னரே அது பெருகுகின்றது.

பெற்றோருக்கு ஒன்று. வயிற்றெரிவுக்குப் பால் அருந்துவது எம்மவர் வழக்கம். பால் சிறிது நேரம் எரிவைத் தணிப்பது மெய்யே. ஆயின் பாலிலுள்ள புரதமும் கல்சியமும் கஸ்ரினைத் தூண்டுவதால், சற்று நேரத்தில் அமிலம் மீண்டும் சுரக்கத் தொடங்கும்.