ரோஜா: கொல்லைப்புறத்தில் பிறந்த இசை

நுழையும்முன்

திரைப்பாடல்களை நாம் பெரும்பாலும் காட்சிகளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாடலும் முதலில் ஓர் அறைக்குள் ஒலியாக மட்டும் பிறக்கிறது. தமிழ்த் திரையிசையின் ஒலியையே மாற்றிய ஓர் இசைத்தொகுப்பு உருவான வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒகேனக்கல் என்னும் கன்னடப் பெயருக்குப் ‘புகையும் கல்’ என்பது பொருள். பாறைப் பிளவுகளில் காவிரி விழுந்து சிதறும்போது எழும் நீர்த்திவலைப் படலம் புகைபோல் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. தருமபுரி மாவட்டத்து மாணவர்களுக்கு இவ்வருவியையோ அதன் பரிசல்களையோ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால், மணிரத்னம் இயக்கிய ‘ரோஜா’ திரைப்படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடற்காட்சியில் ஒரு பகுதி இங்குதான் படமாக்கப்பட்டது என்பதைச் சிலர் அறியாதிருக்கலாம். காட்சியில் காவிரி பெருகி ஓடுகிறது. பாடலோ சென்னைக் கோடம்பாக்கத்தில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் அமைந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது.

அக்கூடத்திற்கு உரியவர் ஏ.ஆர். ரகுமான். அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் விளங்கியவர். ரகுமானுக்கு ஒன்பது வயதிருக்கும்போது தந்தை மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பள்ளிப் பருவத்திலேயே விசைப்பலகைக் கலைஞராகப் பல இசையமைப்பாளர்களிடம் அவர் பணியாற்றினார்; இளையராஜாவின் இசைக்குழுவிலும் வாசித்தார். அதே காலத்தில் ‘ரூட்ஸ்’ என்னும் குழுவில் சிவமணி முதலிய நண்பர்களோடு ராக் இசை வாசித்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவையும் தொடங்கினார். பகலில் திரையிசை, ஓய்வு நேரத்தில் ராக் இசை என்னும் இந்த இரட்டை வாழ்க்கையே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது என்று கருத இடமுண்டு.

தாயார் தம் நகைகளைக் கொடுத்து உதவ, ரகுமான் ஒலிப்பதிவுக் கருவி வாங்கினார். 1989இல் ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கு உருவானவை விளம்பரப் பாடல்களே. சில நொடிகளுக்குள் கேட்பவரை நிறுத்திவிட வேண்டிய பணி அது. அதைவிடக் கடுமையான பயிற்சிக்கூடம் இருந்திருக்க முடியாது. விளம்பர இசையின் வழியாகவே மணிரத்னத்தின் அறிமுகம் கிடைத்தது. கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்த ‘ரோஜா’வுக்காக ரகுமான் பெற்ற ஊதியம் 25,000 ரூபாய். விளம்பரத் துறையில் அவர் ஈட்டிவந்ததோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. இருந்தும் ஒப்புக்கொண்டார்.

அக்காலத்தில் பாடல் பதிவு என்பது ஒரு கூட்டு நிகழ்வு. வயலின் கலைஞர்களும் தாளக் கலைஞர்களும் பாடகரும் ஒரே வேளையில் கூடிப் பதிவு செய்வர். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். ரகுமான் ஒவ்வொரு கருவியின் ஒலியையும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிந்து, கணினியின் துணையால் அடுக்கடுக்காகச் சேர்த்தார். ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் இம்முயற்சியில் உடனிருந்தார். இம்முறையில் ஓர் ஒலியை நீக்கலாம், இடம் மாற்றலாம், நள்ளிரவில் தோன்றிய எண்ணத்தை விடியுமுன் சோதித்தும் பார்க்கலாம். மற்ற ஒலிகளுக்குள் மறைந்து கிடந்த அடித்தந்தி கிதாரின் நாதம், இப்போது பாடலைத் தாங்கும் தூணாக வெளிப்பட்டது. ஆயினும் இதற்கு ஒரு விலையும் இருந்தது. இம்முறை பரவியபோது, பெரிய இசைக்குழுக்களில் வாசித்து வாழ்ந்த பல கலைஞர்களுக்கு வேலை குறைந்தது. புதுமையைப் போற்றும் நாம் இதையும் மறைக்கலாகாது.

வைரமுத்து பாடல்களை எழுதினார். எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சித்ரா, சுஜாதா, உன்னி மேனன் ஆகியோர் பாடினர். ‘தமிழா தமிழா’ பாடல் வழியாக ஹரிஹரன் தமிழுக்கு வந்தார். ‘சின்னச் சின்ன ஆசை’யைப் பாடிய மின்மினி கேரளத்தைச் சேர்ந்தவர். சிற்றூர்ப் பெண்ணொருத்தியின் எளிய விருப்பங்களை, மிகை ஏதுமின்றி அவர் குரல் சொன்னது. இந்தியிலும் அவரே அப்பாடலைப் பாடினார். தமிழ்நாடு அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் புகழின் வாயிலில் நின்றபோதே அவர் குரல் நலிவுற்றது. திரையிசையை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தார். ஒரு தொகுப்பு ஒருவருக்குத் தொடக்கமாகவும் மற்றொருவருக்கு உச்சமாகவும் அமைந்துவிட்டது.

1992 ஆகஸ்டு 15 அன்று படம் வெளியானது. அவ்வாண்டுக்கான தேசிய விருதுத் தேர்வில் ‘ரோஜா’வின் இசையும் இளையராஜாவின் ‘தேவர் மகன்’ இசையும் சம வாக்குகள் பெற்றன. குழுத் தலைவர் பாலு மகேந்திராவின் வாக்கு முதல் படத்திலேயே இத்தகைய இசையைத் தந்த இளைஞருக்குச் சென்றது. வைரமுத்துவும் சிறந்த பாடலாசிரியர் விருது பெற்றார். 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ், எல்லாக் காலத்திற்குமான சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாக ‘ரோஜா’வைச் சேர்த்தது.

கற்பவை கற்றபின்

‘ரோஜா’ பாடல்களுள் ஒன்றைக் காட்சியின்றிக் கேட்டு, அதில் ஒலிக்கும் இசைக்கருவிகளைக் குறித்து வருக. 1980களில் வெளிவந்த ஒரு திரைப்பாடலோடு அதனை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

உங்கள் ஊரில் மேளம், நாகசுரம், பம்பை முதலியவற்றை வாசிக்கும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் அவர் தொழிலை எவ்வாறு மாற்றியது எனக் கேட்டு, ஒரு பக்க அளவில் நேர்காணலாக எழுதுக.