உப்பு மறந்தால் மறக்கட்டும்

அன்புள்ள தம்பி,

உங்கள் பள்ளிச் சாரணர்களின் மூன்று நாள் முகாம் லாக் புக் வந்து சேர்ந்தது. முதலுதவிப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல், இரவுக் காவல் எல்லாம் சாரண ஆசிரியர்களுக்கான பேசிக் கோர்ஸில் நாம் பேசியவை, அவற்றுக்குள் போகவில்லை.

என்னை உறுத்தியது வேறு. கொடிக்கம்பம் நட்டது நீங்கள். கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டியது நீங்கள். சாம்பாருக்குத் தாளித்ததும் நீங்கள்தான். நான்கு அணிகள் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது; அதன்பின் ஓர் அணித் தலைவன் பெயர்கூட இல்லை. போதாததற்கு, அணிகள் எழுத வேண்டிய லாக் புக்கையும் முத்து முத்தான எழுத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு அந்தப் பையன்கள் எதற்கு வந்தார்கள்?

1907இல் பிரவுன்சீ தீவு முகாமில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு பையனிடமே ஒப்படைத்தார். சாரணியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1919இல் கில்வெல் பூங்காவில் சாரண ஆசிரியர்களுக்கு முதல் பயிற்சி நடந்தபோது, வளர்ந்தவர்களையும் அப்படியே அணிகளாக்கினார்கள். வகுப்பையே ஓர் அதட்டலில் அடக்கிப் பழகியவர், ஆறேழு பேரில் ஒருவராக நின்று இன்னொருவர் சொல்கேட்டுப் பார்க்க வேண்டும். இதை ஒரு ஹாலில் உட்கார்ந்து, திரையில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நான் நடத்திய ஒரு கோர்ஸில் நல்ல மழை. வயதான தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்த அணிக்கு அன்றைய தலைவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பி.டி. வாத்தியார். ஈர விறகு புகைந்துகொண்டே இருந்தது. பெரியவருக்கு அடுப்பு மூட்டுவது கைவந்த வேலை. எழுந்து வந்தவரிடம், “நீங்க வெங்காயம் உரிங்க சார்” என்றார் இளையவர். பேசாமல் உட்கார்ந்து உரித்தார். சோறு அரைவேக்காடு, எல்லோரும் சாப்பிட்டார்கள். மறுநாள் விடியுமுன் இளையவரே அவரிடம் போய் யோசனை கேட்டார். பெரியவர் என்னிடம் சொன்னார்: “எங்க ஸ்கூல்ல யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல சார். கேக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்லிடுவேன்.”

ஆனால் தம்பி, இரண்டாம் இரவைப் பற்றிய அந்த அரைப்பக்கம்! வீட்டுக்குப் போகணும் என்று அழுத சின்னவன் பக்கத்தில் இன்னொருவன் பாயை இழுத்துப் போட்டுக் கதை சொல்ல, நீங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியிலேயே நின்றீர்களே, அதை எந்தப் பயிற்சியாளராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. சாரண ஆசிரியர்களுக்கான உயர் பயிற்சியான ஹிமாலயா உட் பேட்ஜ் முடித்து இரண்டு மர மணிகளைக் கழுத்தில் போட்டவர்களிலேயே பலர் உள்ளே நுழைந்து கெடுத்திருப்பார்கள். நீங்கள் பிறவிச் சாரண ஆசிரியர்.

அட்வான்ஸ்டு கோர்ஸுக்குப் போகுமுன் இன்னொரு முகாம் போடுங்கள். இடம், சாப்பாடு, சாமான் பட்டியல் எல்லாம் நான்கு அணித் தலைவர்களும் கூடி முடிவு செய்யட்டும். உப்பை மறந்தால், பக்கத்து அணியிடம் அவர்களே போய்க் கேட்டு வாங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய பயிற்சியாளர்