சிறிய வேறுபாடு தற்செயலா?

மாணவர்களே, இரண்டு குழுக்களின் சராசரிகள் வேறுபட்டால், அது உண்மையான வேறுபாடா, தற்செயலா என்பதை எப்படி அறிவது?

1890களில் இங்கிலாந்தின் ரேலி பிரபு, ஒரே கண்ணாடிக் குடுவையில் நைட்ரஜனை நிரப்பி எடை பார்த்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், 7 அளவீடுகளில் சராசரி 2.3101 கிராம். வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்றது, 8 அளவீடுகளில் 2.2995 கிராம். வேறுபாடு 0.0106 கிராம்தான்!

இதை இன்றைய முறையில் சோதிப்போம்.

1. கருதுகோள்: இருவகை நைட்ரஜனின் உண்மையான சராசரி எடைகள் சமம்.

2. திட்டப்பிழை: ஒவ்வொரு குழுவின் திட்ட விலக்கத்தையும் வர்க்கப்படுத்தி, அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கவும். கிடைத்த இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் காணவும். திட்ட விலக்கங்கள் முறையே 0.00014, 0.0014. எனவே திட்டப்பிழை ஏறத்தாழ 0.0005.

3. இசட் மதிப்பு: 0.0106 ÷ 0.0005 = ஏறத்தாழ 21.

கருதுகோள் சரியானால், இயல்நிலைப் பரவலின்படி இசட் மதிப்பு 100இல் 95 முறை −1.96க்கும் +1.96க்கும் இடையில் அமையும். 21 அந்த எல்லைக்கு வெகு தொலைவில் உள்ளது. ஆகவே கருதுகோளை நிராகரிக்கிறோம்.

(அளவீடுகள் குறைவாக இருக்கும்போது டி-சோதனையே பொருத்தம். இங்கு அதுவும் இதே முடிவைத்தான் தரும்.)

வேறுபாட்டின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவீடுகளின் சிதறலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேறுபாடு உண்டு என்று சோதனை காட்டும், காரணத்தைச் சொல்லாது. ரேலியும் வில்லியம் ராம்சேயும் அந்தக் காரணத்தைத் தேடினர். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனில் அதைவிடக் கனமான வாயு ஒன்று கலந்திருந்தது. 1894இல் அவர்கள் அறிவித்த அந்த வாயுதான் ஆர்கான். 1904இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.