பரீட்சை எடை போட்டது பிள்ளையையா, பள்ளிக்கூடத்தையா?

பள்ளிப் பரீட்சையைப் பற்றி நம் செர்டாங்கில் இருவித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. பரீட்சை இருந்த காலத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள் என்போர் ஒரு சாரார். அது ஒழிந்ததே பிள்ளைகளுக்கு விடுதலை என்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. அதனைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

யு.பி.எஸ்.ஆர். என்ற ஆரம்பப் பள்ளித் தேர்வு 1988-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2020-இல் கொரோனா நோயின் காரணமாக அது நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் கல்வி அமைச்சு அதனை அடியோடு நீக்கியது. மறு ஆண்டு மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் நீங்கிற்று.

தேசியப் பள்ளிப் பிள்ளைக்கு 2016-க்கு முந்திய ஆண்டுகளில் 5 'ஏ' என்றால் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு 7 'ஏ'. தமிழில் கருத்துணர்தல், எழுத்து என இரு தாள்கள் கூடுதல் அல்லவா? 2016 முதல் ஆங்கிலமும் இரண்டாகப் பிரிந்து அவை 6, 8 என்று ஆயின. அதே ஆண்டில் கேள்விகளின் போக்கும் மாற்றப்பட்டது. விளைவு யாதெனில், எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டனர். அந்த ஆண்டுப் பிள்ளைகள் அனைவரும் மந்தமாகப் பிறந்தவர்களா? படிக்கல் மாறிற்று, சரக்கு மாறவில்லை.

பிள்ளையின் மட்டில் இத்தேர்வுக்கு ஒரு கூர்மையான பயன் இருந்தது. மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாத தமிழ்ப் பள்ளி மாணவன் நேரே முதல் படிவத்துக்குப் போக இயலாது. புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்துதான் போக வேண்டும். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு சாதாரண விஷயமன்று. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட, தான் மட்டும் பின்தங்கி நிற்பதைத் தாளாமல் படிப்பையே விட்டவர்கள் உண்டு.

இனி, பள்ளிக்கூடத்தின் கதையைப் பார்ப்போம். 2010 முதற்கொண்டு சில ஆண்டுகள் நாட்டின் பள்ளிகள் 1 முதல் 7 வரை தரம் பிரிக்கப்பட்டன. ஆரம்பப் பள்ளியின் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்தது யு.பி.எஸ்.ஆர். சராசரிப் புள்ளியே. உயர்ந்து வந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குப் பணப் பரிசும் வைத்தார்கள். இந்தச் சராசரி எப்படிப் போடப்படுகிறது என்பதை நம்மவர் பலர் அறியார். 'ஏ' என்றால் 1, 'பி' 2, 'சி' 3, 'டி' 4, 'இ' 5. எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுக்க வேண்டும். எண் சிறுத்தால் பள்ளி சிறந்தது.

ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக் கணக்கிடுவோம். ஒரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் 6 பிள்ளைகள். இரண்டு 'ஏ', இரண்டு 'பி', ஒரு 'சி', ஓர் 'இ' என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 14, சராசரி 2.33. அந்த 'இ' வாங்கிய பிள்ளை 'சி' வாங்கியிருந்தால் 12; சராசரி 2.00. ஒரே பிள்ளையால் பள்ளியே உயர்ந்ததாகத் தோன்றும்! 120 பிள்ளைகள் எழுதும் பட்டணத்துப் பள்ளியில் அதே மாற்றம் நேர்ந்தால் சராசரி 0.02 கூட அசையாது. ஆகவே சிறிய பள்ளி ஓராண்டில் ஏறுவதும் மறு ஆண்டில் விழுவதும் ஆசிரியரின் உழைப்பாலும் இருக்கலாம். அந்த ஆண்டு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதாலும் இருக்கலாம். நம் கெடா தோட்டப் பள்ளிகளில் பல இத்தகைய சிறு பள்ளிகளே. இதை அறியாமல் "அந்தப் பள்ளி சரியில்லை" என்று பிள்ளையை மாற்றியோர் எத்தனை பேர்!

என் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். தராசைச் சோதிப்பவர் வேறு, அதில் நிறுப்பவன் வேறு. நிறையைப் பொறுத்து நிறுப்பவனுக்குப் பரிசு என்று வைத்தால் தட்டின் மேல் விரல் படாமலிருக்குமா? இது இன்று நேற்று கண்ட உண்மையன்று. இங்கிலாந்தில் 1862-இல் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் தரும் முறை வந்தது. சென்னை மாகாணத்திலும் அம்முறை கையாளப்பட்டது. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கத் தொடங்கினர். அந்நாட்டுப் பள்ளிப் பார்வையாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வில், விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தி எழுதினர். 44 பள்ளிகளில் 178 பேர் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011-இல் விசாரணை அறிக்கை கூறிற்று. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் 2014-இல் யு.பி.எஸ்.ஆர். கேள்வித்தாள்கள் வெளியாகி, பிள்ளைகள் அறிவியல், ஆங்கிலம், பிறகு கணிதம், தமிழ் என்று மறுபடியும் உட்கார்ந்து எழுத நேர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பாலகர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அப்படியாயின் அளவே வேண்டாம் என்று சொல்லலாமா? அதுவும் தகாது. வசதியுள்ளோர் டியூஷன் ஆசிரியரைக் கேட்டுப் பிள்ளையின் நிலையை அறிந்துகொள்வர். அதிகாலையில் பால்மரத்துக்கோ, தொழிற்சாலைப் பேருந்துக்கோ போகும் தாய்க்கு, பள்ளியிலிருந்து வரும் காகிதம் ஒன்றுதான் ஆதாரம். முன்பு அந்தக் காகிதத்தில் 'ஏ', 'இ' என்று இருந்தது. படிக்காத தாய்க்கும் அது புரிந்தது. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை நிலைகள். "4 என்றால் நல்லதா, மோசமா?" என்று கடைக்கு வரும் தாய்மார்கள் கேட்கிறார்கள். 6 மிக உயர்ந்தது. 3 வந்தால் குறைந்தபட்சம் எட்டிவிட்டது என்று பொருள். 1, 2 என்றால் பிள்ளைக்கு உடனே உதவி வேண்டும். பழைய சராசரிக் கணக்கில் எண் சிறுத்தால் நல்லது, இதில் நேர்மாறு. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

வகுப்பறை மதிப்பீடு நமக்குப் புதிதன்று. மதரஸாவில் ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளையையும் முன்னே உட்காரவைத்துப் பாடம் கேட்பார். நேற்றைய பாடம் சரியாக ஒப்பித்தால்தான் இன்று அடுத்த பாடம். அதற்குப் பட்டியலும் இல்லை, பரிசும் இல்லை. ஆனால் ஹஜ்ரத்திடம் நாங்கள் இருந்தது பதினைந்து பேர். முப்பத்தைந்து பிள்ளைகளும் ஏழெட்டுப் பாடங்களும் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டு நிலை இட ஓர் ஆசிரியருக்கு நேரம் எங்கே? தவிரவும், பாடம் நடத்துபவரும் அவரே, நிலை இடுபவரும் அவரே. பழைய ஓட்டை அடைந்தது. புதிய ஓட்டை இது. பரீட்சை போனதைக் கொண்டாடுவோர் இதனைச் சிந்திப்பதில்லை.

யு.பி.எஸ்.ஆர். போன பின்னும் புகுமுக வகுப்பு போய்விடவில்லை. மலாய்மொழியில் ஆசிரியர் இடும் நிலையே அதற்குக் கணக்காயிற்று. ஆதலால் தமிழ்ப் பள்ளியில் பிள்ளை வைத்திருப்போர் ஆறாம் ஆண்டுவரை காத்திருக்கலாகாது. நான்காம் ஆண்டிலேயே மலாய்மொழி நிலையைப் பார்த்துவிட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டட நிதியையும் விளையாட்டுப் போட்டியையும் பேசி எழுந்துவிடாமல், "இந்த வகுப்பில் 3-ஐ எட்டாதவர் எத்தனை பேர்? அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாகச் சொல்லித் தருகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். ஆசிரியரைத் தனியே காணும்போது, பிள்ளையையும் பாடப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோய், "ஐயா, இந்தப் பக்கத்தை இவன் வாசிக்கட்டும்; நீங்களும் கேளுங்கள், நானும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.