திரும்பி வரும் கப்பல்

ஹட்டன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

டொரண்டோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமாகக் கரீபியன் கடலில் ஏழு நாள் கப்பல் பயணம் போவதாகவும், கப்பல் நிற்கும் இடங்களில் குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு தீவுகளும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி. கப்பல் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது, என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இதே கேள்விகள் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய அக்கா எழுபதுகளில் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போனவர் என்றும், அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்து ஹட்டன் ஸ்டேஷனை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டிகள், சுருட்டிக் கட்டிய பாய்கள், யாரோ விட்டுப்போக மனமில்லாமல் சாக்கில் கட்டித் தூக்கிவந்த அம்மிக்குழவி. ஜன்னலுக்கு உள்ளே பாதிக் குடும்பம், வெளியே பாதிக் குடும்பம். கோச்சி ஊதியதும் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, செத்த வீட்டில் அழுவதைப் போல ஒப்பாரி வைப்பார்கள். அதனால்தான் நம் சனங்கள் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். அது தலைமன்னாரில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ராமானுஜம் கப்பல். மறுகரையில் ராமேஸ்வரம்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த எண்களுக்குள் உங்கள் பெரியம்மா ஒருவர். போன இடத்திலும் தேயிலைதான். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் போட்ட தோட்டங்களில், இங்கே விட்ட கூடையை அங்கே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

நம் வீடுகளில் கப்பல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்தான் இருந்தது. ஒன்று, பாட்டன் பூட்டன் வந்த கப்பல். மற்றது, அக்கா தங்கச்சி போன கப்பல். இரண்டும் ஒருவழிக் கப்பல்கள். தங்கச்சி, அம்மாவின் முகம் மாறியதற்குக் காரணம் கடல் இல்லை. ஏறியவர்கள் திரும்பி வந்ததை அவர் பார்த்ததே இல்லை.

இனி உங்கள் துறைமுகங்களுக்கு வருகிறேன். குவாதலூப்பில் கப்பல் நிற்பது புவாந்த்தாபீத்ர் என்ற ஊரில். கீழே இறங்கியதும் கடற்கரைக்கும் அருவிக்கும் ரம் காய்ச்சும் இடத்துக்கும் கூட்டிப்போக ஆட்கள் நிற்பார்கள். அவையும் அழகானவைதான், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் அதே துறைமுகத்தில், 1854ஆம் வருடம் கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஓரேலி என்ற பாய்க்கப்பல் வந்து நின்றது. உள்ளே முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு முந்திய வருடம், 1853 மே 6ஆம் திகதி, இதே கப்பல் இன்னொரு கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மூன்று மாதம் கடலில் வைத்துக் கொண்டுவந்த சனம். அதன் பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாகக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர், மார்த்தினிக்குக்கு இருபத்தையாயிரம் பேர் வரை. பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்றாலும், பெரும்பகுதி தென்னாட்டவர்கள், தமிழர்கள்.

எதற்காகக் கொண்டுபோனார்கள்? 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையான ஆப்பிரிக்க மக்கள் அடிமைப்பட்ட கரும்புக்காட்டுக்கே திரும்பிப்போக விரும்பவில்லை. முதலாளிகளுக்கு மலிவான கைகள் வேண்டியிருந்தன. அதனால் நீங்கள் இறங்கும் ஊரில் முதலில் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய சீனி ஆலை நின்ற நிலத்தில், கடலோரமாக, 2015இல் திறந்த அடிமை வரலாற்று அருங்காட்சியகம். மெமோரியல் ஆக்ட் என்று கேட்டால் காட்டுவார்கள். நம் ஆட்கள் வெட்டிய கரும்பு அதற்கு முன்னால் யாருடைய இரத்தத்தில் வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நம் கதையைத் தேடுவதுதான் முறை.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அப்போது இந்த மலையில் தேயிலை இல்லை, கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலை போட்டது 1867இல்தான். தஞ்சாவூர், திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துச் சனங்கள் கங்காணியின் கடனைத் தலையில் சுமந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காரைக்கால் இருப்பதே அந்தத் தஞ்சாவூர்ச் சீமைக்குள். ஒரே வறட்சியில் ஒரே தெருவிலிருந்து புறப்பட்ட இரண்டு பேரில், ஒருவன் கங்காணியின் பின்னால் தெற்கே நடந்திருப்பான். மற்றவன் காரைக்காலில் கப்பல் ஏறியிருப்பான். முதலாமவனின் பேத்தி நீங்கள். இரண்டாமவனின் பேத்தி அந்தத் தீவில் உங்களுக்கு டாக்ஸி ஓட்டலாம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம், சந்தையில் மிளகாய் விற்கலாம்.

அவர்கள் தமிழ் பேச மாட்டார்கள். கிரெயோலும் பிரெஞ்சும்தான். பேச்சு போன பிறகும் போகாதவை சில இருக்கின்றன. சந்தையில் கொலம்போ என்று ஒரு மசாலாத்தூள் விற்பார்கள்: கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். அதைப் போட்டுச் சமைத்த கோழிக்கும் அதே பெயர். குழம்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று சிலர் சொல்கிறார்கள், கொழும்பின் பெயர் என்று வேறு சிலர். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பாகற்காய்க்கு அங்கே பேர் பவோக்கா. நம் பாவக்காய்தான். சாமி கும்பிடும்போது அடிக்கும் மேளம் மத்தலோன். மாரியம்மன் மாலியெமென் ஆகிவிட்டாள், மதுரைவீரன் மால்தெவிலின். மார்த்தினிக்கில் நாகூர்மிரா என்றொரு சாமிக்குக் கொடி ஏற்றுகிறார்கள். கடலில் போகிறவர்களைக் காப்பாற்றும் நாகூர் ஆண்டவரை, இந்துவென்றும் முஸ்லிமென்றும் பார்க்காமல் நேர்ந்துகொண்டு ஏறிய சனம் அது. நம் லயங்களுக்குப் பக்கத்தில் மாடனும் முனியும் மாரியும் நிற்பது போலத்தான் இதுவும். எதைப் பறித்தாலும் சாமியையும் சாப்பாட்டையும் பறிக்க முடியவில்லை.

புவாந்த்தாபீத்ரிலிருந்து தெற்கே போனால் காப்ஸ்தேர் என்ற ஊர். வழியெல்லாம் வாழைத்தோட்டம். ஷாங்ஜி என்ற இடத்தில், பெரிய வீதியோரத்திலேயே ஒரு கோயில் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். அம்மா ஒரு தேவாரமோ, மாரியம்மன் தாலாட்டோ மெதுவாகப் பாடினால் அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சொந்தமாக வண்டி பிடித்துப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திராது. ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி முந்தியே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள்.

அந்தக் காப்ஸ்தேரில்தான் 1863இல் ஆன்றி சிதம்பரம் பிறந்தார். பிரெஞ்சில் சிதம்பரொம் என்று எழுதுவார்கள். அவரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளாக இருந்தும், கூலிகளின் வாரிசு என்பதால் வாக்காளர் இடாப்பில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்ல என்றார்கள். 1904இல் சிதம்பரம் அதை எதிர்த்துக் கிளம்பினார். வழக்கும் மனுவுமாகப் பத்தொன்பது வருடம் ஓடியது. 1923இல் வாக்குரிமை கிடைத்தது. பின்னாளில் அதே தீவிலிருந்து எர்னெஸ்ட் முத்துசாமி பாரிஸ் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் போனார்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் நாம். மறு வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. எஞ்சியிருந்த எல்லோருக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல். நடுவே ஐம்பத்தைந்து வருடம். அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு சிதம்பரம் 1904இல் கேட்ட அதே கேள்வியை நம் தாத்தாமார் இந்த மலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கே புதைகிறவனுக்கு எது நாடு? தனியாகத்தான் கேட்டோம் என்று நினைத்திருந்தோம். தனியாக இல்லை என்பதை அம்மா அந்த மண்ணில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்த்தினிக்கில் ஃபோர்-த-பிரான்ஸில் இறங்குவீர்கள். கட்டம் போட்ட பருத்தித் துணியைத் தலையில் கட்டிய பெண்களை அங்கே பார்க்கலாம். அந்தத் துணிக்கு மத்ராஸ் என்றே பேர். நம் ஆட்கள் போவதற்கு முன்பே சென்னைப்பட்டினத்து வியாபாரத்தில் அங்கே போய்ச் சேர்ந்து, அந்தப் பெண்களின் பெருமையாகவே ஆகிவிட்டது. நம் அம்மாமார் கூடைக்கயிறு அறுக்காமல் இருக்கத் தலையில் போடும் துண்டை நினைத்துக்கொண்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அந்த நகரத்தில் ஓ பெரோ என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. ஒப்பந்தம் ஐந்து வருடம், முடிந்தால் ஊருக்குத் திரும்பக் கப்பல் இலவசம் என்று சொல்லித்தான் அவர்களைக் கூட்டிவந்தார்கள். ஐந்து வருடம் முடிந்தவர்கள் அந்தக் குடிசைகளில் தங்கி, தெருக்கூட்டிப் பிழைத்துக்கொண்டு, கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். சிலருக்குக் கப்பல் வந்தது. பலருக்கு வரவே இல்லை. காத்திருந்தவர்களின் பிள்ளைகளும் அங்கேயே தெருக்கூட்டினார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் போக மறுத்து அழுதவர்களைப் பார்த்தவன் நான். அங்கே கடலைப் பார்த்தபடி போக முடியாமல் அழுதிருக்கிறார்கள். விரட்டியதும் தடுத்ததும் ஒரே கைதான். நம் காலை எங்கே வைப்பது என்று நம்மைக் கேட்காமலே தீர்மானித்த கை அது.

இன்னொரு தடவை திரினிடாட்டுக்குப் போக வாய்த்தால், போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு எதிரே நெல்சன் தீவு இருக்கிறது. 1866 முதல் 1917 வரை, கப்பலில் வந்தவர்களை அங்கேதான் இறக்கி, நோய் பார்த்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இலங்கைக்கு வருமுன் நம்மவர்களை வைத்து நோய் பார்த்த மண்டபம் முகாம் போல. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னையிலிருந்து வந்த நம்மவர்களை மதராசி என்றார்கள். பக்கத்து கயானாவில் அந்த மதராசிகளின் வழியில் வந்த மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை பிரதமராகவே இருந்தார்.

அன்புள்ள தங்கச்சி, உல்லாசக் கப்பலில் போகும்போது இந்தத் துக்கமெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். மேல்தளத்தில் அம்மாவை நல்ல நாற்காலியில் உட்கார வையுங்கள். நன்றாகச் சாப்பிடட்டும், பாட்டுக் கேட்கட்டும், நீச்சல் குளத்தில் பேரப்பிள்ளைகளோடு காலை நனைக்கட்டும். நாலு தலைமுறை தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் வேலைக்காக வரிசையில் நின்ற குடும்பத்துக்கு ஏழு நாள் ஓய்வு பெரிய விஷயம். அதற்காக யாரிடமும் கூச வேண்டாம். சாயங்காலம் கரை மறையும் நேரத்தில் மட்டும், அக்கா போன நாளை அவர் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன், யார் யார் வந்தார்கள், பெட்டியில் என்ன வைத்தார்கள், கடைசியாக அக்கா என்ன சொன்னார். ஃபோனில் பதிந்து வையுங்கள். தீவில் யாராவது தங்கள் பாட்டியின் பேரைச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அம்மாவிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று கேட்டீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில், புறப்படும் திகதியையும் திரும்பி வரும் திகதியையும் தமிழில் எழுதி அவர் கைப்பையில் வையுங்கள். இரண்டு திகதிக்கும் பக்கத்தில் ஒரே துறைமுகத்தின் பேரை எழுதுங்கள். அவருடைய அக்காவுக்கு யாரும் அப்படி ஒரு தாள் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்